கையாற் சுழலும் தொலைக்காட்சி

தச்சன் செய்து கொடுத்த சிறிய தேரொன்றைப் பற்றிக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் பேசுகின்றது. தும்பிசேர் கீரனார் என்னும் புலவர் பாடியது அது. அந்தத் தேரில் ஏறி ஊர்ந்து செல்லச் சிறுவரால் இயலாது. அதற்காக அவர்கள் வருந்துவதுமில்லை. கையாற் பற்றி இழுத்துத் திரிவதிலேயே பெருமகிழ்ச்சி அடைகின்றனர். புலவர் இதனை அகப்பொருளுக்கு உவமையாகச் சொன்னார். எனினும் விளையாட்டுப் பொருளின் இலக்கணம் முழுவதும் அவ்வுவமையில் அடங்கிவிட்டது. உண்மையான பொருள் செய்யும் வேலையை விளையாட்டுப் பொருள் செய்ய வேண்டியதில்லை. குழந்தையின் கை அதிற் செய்வதற்கு ஒரு வேலை இருந்தாற் போதும்.

பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் மூன்று சக்கரங்களோடு குதிரையின்றி ஓடும் அத்தேரின் வழியை, கோழியை விரட்ட எறியப்பட்ட பொற்குழை மறிக்கின்றது. பட்டினத்தின் செல்வத்தைக் காட்டுவதற்குப் புலவர் இதனைச் சொன்னார். நமது பொருளுக்கு வேண்டியது வேறு: தத்தம் காலத்து வியப்பு எதுவோ அதனையே அக்காலத்துக் குழந்தைகள் விளையாட்டாகச் செய்துகொள்வர். தேர் ஓடிய காலத்திற் சிறுதேர். யாழ்ப்பாணத்துத் தெருக்களில் லொறி ஓடத் தொடங்கிய பின்னர், நுங்குக் கோம்பையைச் சக்கரமாக்கிய வண்டி லொறியாயிற்று. தொலைபேசி வந்த பின்னர் இரண்டு தீப்பெட்டிகளும் ஒரு நூலும் தொலைபேசியாயின. இந்த வரிசையிற் பின்னர் வந்து சேர்ந்தது தொலைக்காட்சி.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிற்று. இலங்கையில் 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலாவது தொலைக்காட்சிச் சேவையும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாகினியும் தொடங்கின. எண்பதுகளில் குடாநாட்டு வீடுகளின் மேலே உயர்ந்த கம்பங்களில் அன்ரெனாக்கள் எழுந்தன. கடல் கடந்து வரும் தமிழ் நிகழ்ச்சிகளுக்காக அவை அக்கரை நோக்கித் திருப்பப்பட்டன. பெட்டியுள்ள வீடு ஊரின் பொது மண்டபம் போலாயிற்று.

1990ஆம் ஆண்டிற் குடாநாட்டுக்கான மின்வழங்கல் அற்றுப்போயிற்று. அதன் பின்னர் பல ஆண்டுகள் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலே பிள்ளைகள் படித்தனர். மின்கலங்களுக்கும் தடை இருந்தமையால், துவிச்சக்கர வண்டியை நிறுத்தி வைத்து அதன் மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலி கேட்ட வீடுகள் பல. ஒருவர் மிதிக்க மற்றவர்கள் கேட்டனர். அக்காலத்திற் பிறந்த பிள்ளைகளுட் பலருக்குத் தொலைக்காட்சி என்பது மூத்தோர் சொல்லக் கேட்ட ஒரு கதை.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கைத்தொலைபேசியின் திரை, பால்குடி மறவாத குழந்தையின் கைக்கும் வந்துவிட்டது. சோறூட்டுவதற்கும் திரை, அழுகையை நிறுத்துவதற்கும் திரை. கடல் கடந்து வாழும் தந்தையும் மாமனும் சித்தியும் அத்திரையிலேயே தோன்றுகின்றனர். ஆகவே அதனைத் தீயதென்று முற்றாக ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலை எல்லாப் பெற்றோரும் அறிதல் வேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளைத் திரைமுன் இருத்துதல் ஆகாது. இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதனினும் குறைந்தால் நன்று என்கின்றது அவ்வழிகாட்டல். குழந்தை பேசக் கற்பது தனக்கு மறுமொழி சொல்லும் முகத்தைப் பார்த்து. ஓடிக்கொண்டிருக்கும் படம் குழந்தையின் கேள்விக்காக ஒரு கணமும் நிற்பதில்லை.

திரையைப் பறித்தெடுத்தால் அழுகைதான் மிஞ்சும். பறித்த கையில் வேறொன்றைக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கொடுக்கத்தக்கவற்றுள் ஒன்று, வீட்டிலேயே செய்யக்கூடிய மட்டைப்பெட்டித் தொலைக்காட்சி.

இதன் அமைப்புப் புதியதன்று. நீண்ட துணியில் வரைந்த படங்களைச் சுருள் சுருளாக விரித்துக் கதை சொல்லும் வழக்கம் வங்காளத்திற் பன்னெடுங் காலமாக உண்டு. யப்பானில் 1930களிற் கதைசொல்லிகள் துவிச்சக்கர வண்டியில் ஒரு சிறு மரச்சட்டத்தை ஏற்றி வந்து, தெருவோரத்திற் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லினர். கமிஷிபாய் என்பது அதன் பெயர். 1953ஆம் ஆண்டில் அந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தபோது, மக்கள் அதனை மின்சாரக் கமிஷிபாய் என்று அழைத்தனர். கதை சொல்லும் கடதாசிப் பெட்டியே அவர்களுக்கு முந்தியது; மின்சாரப் பெட்டி அதன் போலி.

இனிச் செய்முறையைக் காண்போம். ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் நீளமும் 18 சென்ரிமீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள பெட்டியென்று கொள்வோம். மூடியைக் கழற்றிப் பெட்டியை நீளவாட்டில் நிமிர்த்தி வைத்தால், அதன் அடிப்பாகம் முகப்பாகின்றது. அம்முகப்பின் நடுவே 16 சென்ரிமீற்றர் அகலமும் 12 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள ஒரு சாளரத்தை வெட்டுதல் வேண்டும். பழைய தொலைக்காட்சித் திரைகள் நான்குக்கு மூன்று என்னும் இந்த அளவு விகிதத்திலேயே அமைந்திருந்தன. வெட்டும் வேலை பெரியவர்க்கு உரியது. வெட்டிய ஓரங்களைக் கடதாசிப் பட்டியால் மடித்து ஒட்டிவிட்டால் விரலைக் கீறாது.

சாளரத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு உருளைகள் நிற்றல் வேண்டும். பழைய தும்புத்தடியின் பிடி இதற்கு மிகவும் ஏற்றது. அதில் 24 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு துண்டுகளை அறுத்து, முனைகளை மழுமழுப்பாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் மேற்பக்கத்திலும் கீழ்ப்பக்கத்திலும் நேருக்கு நேராகத் துளையிட்டு அவற்றைச் செருகினால், மேலே 5 சென்ரிமீற்றர் பிடிப்பதற்கும், கீழே ஒரு சென்ரிமீற்றர் சுழல்வதற்கும் வெளியே நிற்கும். பெட்டி நிலத்திற் சரியாக நிற்கும்பொருட்டு, மட்டையைப் பல மடிப்பாக மடித்து 2 சென்ரிமீற்றர் தடிப்புள்ள இரண்டு கால்களை அடியில் ஒட்டுதல் வேண்டும்.

அடுத்தது படச்சுருள். 14 சென்ரிமீற்றர் உயரமான கடதாசிப் பட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, 220 சென்ரிமீற்றர் நீளமாக்க வேண்டும். இரு முனைகளிலும் 20 சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டால், நடுவே 18 சென்ரிமீற்றர் அகலமான பத்துப் படங்களுக்கு இடம் உண்டு. படத்துக்கு 18, சாளரத்துக்கு 16 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு படம் தெரியும்போது அடுத்த படத்தின் ஓரம் எட்டிப் பார்த்தல் ஆகாது. அடுத்து என்ன வருமோ என்னும் ஆவலே கதையின் உயிர். முனைகளை உருளைகளில் ஒட்டி, சுருள் முழுவதையும் ஓர் உருளையிற் சுற்றிவிட்டு மற்றதைத் திருப்பினால், படங்கள் சாளரத்தினூடே நகரும். தும்புத்தடிப் பிடி இரண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்புடையதாயின், தொடக்கத்தில் இரண்டு சுற்றுக்குச் சற்று மேலாகத் திருப்ப ஒரு படம் மாறும். கடதாசி சுற்றச் சுற்ற உருளை பருக்குமாதலால், போகப் போகக் குறைந்த சுற்றே போதும். ஏன் அவ்வாறு குறைகின்றது என்று பிள்ளை கேட்குமாயின், வட்டத்தின் சுற்றளவு பற்றிய பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

எளிமையினும் பெரிது பாதுகாப்பு. தொலைக்காட்சியைக் கண்டவர்களுள் ஒருவரான ஜோன் லோகி பெயர்ட்டே தமது ஆய்வின்போது, 1924ஆம் ஆண்டில் ஆயிரம் வோல்ற்று மின்னதிர்ச்சிக்கு ஆளாகிக் கையிற் காயமுற்றார். குழந்தையின் தொலைக்காட்சியில் மின்சாரத்துக்கு இடமே இல்லை. மின்குமிழோ மெழுகுவர்த்தியோ உள்ளே வைத்து ஒளியூட்டும் ஆசை சிறுவர்க்கு எழும். கடதாசிப் பெட்டியில் அது தீயை அழைப்பதாகும். பகல் வெளிச்சமே போதுமானது. பொத்தான் போன்ற சிறு மின்கலங்கள் அதனினும் கொடியவை. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக எரித்துவிடக் கூடும்.

பழுதடைந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உள்ளுறுப்புகளை நீக்கிவிட்டு அதனையே விளையாடக் கொடுக்கலாமென்று சிலர் எண்ணுவர். அது கூடாது. அதன் படக்குழாய், மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் ஆயிரக்கணக்கான வோல்ற்று மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக் கூடும். உடைந்தால் கண்ணாடி சிதறும். அக்கண்ணாடியில் ஈயமும் கலந்துள்ளது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில், ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள சிறு குழாயினுள் முழுதாக அடங்கக்கூடிய எந்தப் பொருளும் விளையாட்டில் இருத்தலாகாது. சர்வதேச விளையாட்டுப் பொருட் சோதனைகளும் இத்தகைய அளவையே கைக்கொள்கின்றன. குழந்தையின் தொண்டை அடைபடுவதைத் தவிர்ப்பதே நோக்கம். ஆகவே பெட்டியின் முகப்பில் பொத்தான்களை ஒட்டாது வரைந்து விடுதல் நன்று. குண்டூசி, ஆணி, கம்பி ஒன்றும் வேண்டாம். கோதுமை மாப் பசை போதும். திரைக்குக் கண்ணாடியோ பிளாஸ்ரிக் உறையோ வேண்டாம். மெல்லிய உறை குழந்தையின் மூச்சை அடைக்கும். பழைய வர்ணப் பூச்சுள்ள தடியைத் தவிர்த்து, பூச்சில்லாத தடியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பழைய பூச்சுகளில் ஈயம் இருத்தல் கூடும். உருளையைக் கழற்றினால் அது கூரிய தடியாகிவிடுமாதலால், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் அருகிருக்கவே இதனைச் சுழற்றலாம்.

குடாநாட்டைப் பொறுத்தவரையில் இந்த எச்சரிக்கைக்கு மற்றொரு பொருளும் உண்டு. போரின்போதும் அதன் பின்னரும், வெறுங்காணியிற் கண்டெடுத்த பொருளைத் தொடக்கூடாது என்பது இங்குள்ள பாடசாலைகளில் ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டது. பளபளப்பான உலோகத் துண்டொன்றை எடுத்து விளையாடுவது, வேறு நாட்டுப் பிள்ளைக்கு வேடிக்கை. இங்குள்ள பிள்ளைக்கு அது கையையோ உயிரையோ இழப்பதாக முடிந்ததுண்டு. கையிற் கிடைத்ததைக் கொண்டு விளையாடு என்று அக்காலத்துத் தாய்மார் சொல்லத் துணியவில்லை. வீட்டிலுள்ள பெட்டியையும் கடதாசியையும் தாயே எடுத்துக் கொடுத்து, இதனைக் கொண்டு விளையாடு என்று அஞ்சாமற் சொல்லக்கூடிய நாள் வந்திருப்பது சிறிய பேறன்று.

படச்சுருளில் எதனை வரைவது? அதனைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். முதற்படத்திற் பனைமரம், அடுத்ததிற் காகம், அதற்கடுத்ததிற் பாட்டி. கோடு கோணலாயின் குற்றமில்லை. படம் பேசாது, ஆகவே பிள்ளை பேசியே ஆகவேண்டும். செய்தி வாசிப்பவரும் அதுவே, பாடுபவரும் அதுவே, விளம்பரம் சொல்பவரும் அதுவே. முன்பு திரையின் முன்னே வாய்மூடி இருந்த பிள்ளை, இப்பொழுது திரையின் பின்னே இருந்து பேசுகின்றது. நல்லூர்த் தேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கி இடையிற் சொல் அகப்படாது தடுமாறும்போது, எதிரே இருக்கும் பாட்டன் அச்சொல்லை எடுத்துக் கொடுக்கின்றார். தமிழ் அவ்வாறுதான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. கடல் கடந்து வாழும் பேரப்பிள்ளைக்கும் இத்தகைய சுருளொன்றை மடித்துத் தபாலில் அனுப்பலாம். அங்குள்ள பிள்ளை அதனைச் சுழற்றித் தனக்குத் தெரிந்த தமிழிற் கதை சொல்ல, இங்குள்ள பாட்டி தொலைபேசியிற் கேட்கலாம்.

பெயர்ட் 1926ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இலண்டன் நகரில் அறிஞர்கள் முன்னிலையிற் தமது தொலைக்காட்சியை இயக்கிக் காட்டினார். அவர் தொடக்கத்திற் செய்த கருவி எவற்றால் ஆனது தெரியுமா? ஒரு பழைய தொப்பிப் பெட்டி, துன்னூசிகள், துவிச்சக்கர வண்டி விளக்கின் வில்லைகள், அரக்கு, பசை, இவற்றோடு தேயிலை அடைத்து வந்த ஒரு மரப்பெட்டி. உலகத்தை ஆட்டிப் படைக்கும் தொலைக்காட்சியும் முதலில் வீட்டுப் பெட்டிகளைக் கொண்டு செய்யப்பட்டதுதான். ஆகவே சப்பாத்துப் பெட்டியோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை, வீட்டைக் குப்பையாக்குகின்றதென்று கடிந்துகொள்ளற்க. பசை காயும் வரை பொறுத்திருந்து, அந்தப் பிள்ளையின் முதல் நிகழ்ச்சிக்கு எதிரே அமர்ந்து கேட்பாராக.