காபன் நாரும் கைவேலையும்
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோட்டார் வண்டியின் உயிர் எஞ்சினில் இருக்கிறது என்பர். ஆயினும், அந்த எஞ்சினையும் சில்லுகளையும் சாரதியையும் ஒருசேரத் தாங்கி நிற்பது, கராஜ்களில் செசி என வழங்கும் அடிச்சட்டமேயாகும். அதனைக் காபன் நாரினால் வீட்டுக் கொட்டிலில் அமைத்தல் கூடுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

வலிமை மிக்க காபன் நாரை ஆக்கும் முறையை 1960களில் இங்கிலாந்தின் பான்பரோ வான்கல ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தனர். 1981இல் ஜோன் பானார்ட் வகுத்த மக்லாரன் வண்டி, காபன் நார் உடற்கூட்டுடன் போமியுலா வண் ஓட்டப் போட்டியில் இறங்கியது. மோதினால் தூளாகிவிடும் என்று பலர் ஐயுற்றனர். அவ்வாண்டு செப்டெம்பரில் இத்தாலியின் மொன்சாத் திடலில் அவ்வண்டி மோதி, எஞ்சின் வேறாகப் பிய்ந்து போயிற்று. சாரதி ஜோன் வாட்சன் காயமின்றி இறங்கி நடந்தார்.

இவ்வலிமை எங்கிருந்து வருகிறது? பனைமரத்தை நோக்குங்கள். வெளியே வைரம், உள்ளே மென்மையான சோற்றி. அதுபோலவே, இலேசான நுரைப்பலகையின் இருபுறமும் காபன் நார்த் துணியை எப்பொக்சிப் பிசினால் ஒட்டுகிறோம். இரு தோல்களுக்கும் இடையிலான தூரம் இருமடங்கானால், வளையாத விறைப்பு ஏறக்குறைய நான்மடங்காகும். எடையோ சிறிதே கூடும்.

பெரிய தொழிற்சாலைகள் அழுத்த உலையில் வேகவைக்கும். வீட்டில் வேலை செய்வோர் மெழுகு பூசிய கண்ணாடித் தட்டின்மேல் துணியை விரித்து, பிசின் ஊட்டி, பையால் மூடிக் காற்றை இறைத்துவிடுவர். முழு வெற்றிடமாயின், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10,000 கிலோகிராம் பாரத்தோடு வெளிக்காற்றே அதனை அமுக்கும். இறுகிய பலகைகளை அறுத்துப் பெட்டி போலப் பொருத்தி, மூலைகளில் துணிப்பட்டை ஒட்டுவர். நார் தன் நீளவாக்கிலேயே வலியது. ஆதலின், சட்டம் முறுகாதிருக்கத் துணியின் ஒரு பகுதியை 45 பாகை சாய்வாக இடுதல் வேண்டும்.

சில்லுத் தாங்கிகளும் இருக்கைப் பட்டியும் பூட்டும் இடங்களில் நுரை நசுங்கிவிடும். அங்கே நுரையை அகற்றி உறுதியான கட்டையைப் பதிக்க வேண்டும். அலுமினியமாயின், காபன் அதனை நேரே தொட்டால் ஈரம்பட்டு அரிக்கும். இடையில் கண்ணாடி நார்த் துணி வேண்டும். அராவும்போது முகமூடியும், பிசின் கலக்கும்போது கையுறையும் இன்றியமையாதன.

நண்பர்களே, உருக்கு வளைந்து எச்சரிக்கும். காபன் நார்ப் பலகையோ பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே முறியும். உள்ளே பிசின் ஒட்டாத இடம் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே, ஒவ்வொரு பலகையோடும் ஒரு மாதிரித் துண்டு செய்து அதனை முறித்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் பின்புறத்தை நிலத்தில் இறுக்கி, முன்புறத்தில் பாரமேற்றி, முறுக்கத்தை அளக்க வேண்டும். துறையறிந்த பொறியியலாளர் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே ஆளை ஏற்ற வேண்டும்.

கொட்டிலில் இது கூடும் என்பதே நம் விடை. ஆயின், துணிவு மட்டும் போதாது. அளந்து பார்க்கும் பொறுமையும் வேண்டும். அச்சட்டத்தினுள் அமரப் போவது ஒரு தாயின் பிள்ளை என்பதை மறவாது, இளைஞர்கள் இக்கைவேலையிற் புகுவார்களாக.