முதல் குஞ்சு யாருக்கு?



இன்று சிலேட்டு வேண்டாம். புத்தகமும் வேண்டாம். இன்னும் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு வீட்டிலேயே நாம் எவ்வளவோ சொல்லித் தரலாம். ஆடு, மாடு, கோழியை வைத்தே சொல்லித் தரலாம். கூடவே கொடுக்கும் பழக்கத்தையும் சொல்லித் தரலாம்.

போன வாரம் இதைச் சொன்னதும் ஒரு அக்கா எழுந்து கேட்டார். "நாமே நாலு வீட்டில் வேலை செய்கிறோம். பழைய சேலை வாங்கி வருகிறோம். மிச்சக் குழம்பு வாங்கி வருகிறோம். என் பிள்ளை பார்ப்பதெல்லாம் நாம் வாங்குவதைத்தான். அவனுக்கு நான் கொடுப்பதை எப்படிச் சொல்லித் தருவேன்?"

நல்ல கேள்வி. அங்கே உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். இன்றைய பேச்சு அதற்குத்தான்.

நாம் ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் பல தலைமுறையாக இருக்கிறோம். பட்டாளத்தோடு வந்தவர்கள் உண்டு. ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் உண்டு. கட்டட வேலைக்கு நேற்று வந்தவர்களும் உண்டு. ஊரில் பாட்டி வீட்டில் ஆடு இருந்தது. கோழி இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பால் என்றால் பாக்கெட். முட்டை என்றால் கடை அட்டை. பிள்ளை மேல் குற்றம் இல்லை. நாம் காட்டவில்லை.

முதலில் பார்க்கட்டும்

இந்த நகரத்தில் எருமைக் கொட்டகைகள் இன்னும் இருக்கின்றன. விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். பால் கறப்பதைக் காட்டுங்கள். எருமையின் பின்பக்கம் நிற்க விடாதீர்கள். உதைத்துவிடும். பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்கலாம்.

எருமை படுத்துக்கொண்டு அசை போடும். அதை எண்ணச் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளைக்குப் பத்து வரைதான் தெரியும் என்றால் பத்து வரை எண்ணட்டும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கட்டும். பிறகு இதைக் கேளுங்கள்: "எருமைக்கு மேல் வரிசையில் முன்பல் இருக்கிறதா?" இருக்காது. மாட்டுக்கும் இல்லை. ஆட்டுக்கும் இல்லை. கீழ் வரிசையில் மட்டும்தான் முன்பல் உண்டு. மேலே கெட்டியான ஈறுதான். பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் நாராயணகுடாவில் சதர் விழா நடக்கும். யாதவர் குடும்பங்கள் எருமைக் கடாக்களை அலங்காரம் செய்து கூட்டி வருவார்கள். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்கு மாலை. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். சத்தம் அதிகம் இருக்கும். தூரத்தில் நின்று காட்டினால் போதும்.

பெயரையும் இரண்டு மொழியில் சொல்லித் தாருங்கள். நமக்கு ஆடு, தெலுங்கில் மேக்க. நமக்கு எருமை, இங்கே பர்ரெ. நமக்குக் கோழி, தெலுங்கில் கோடி. இங்கே ஒரு கோழி வைத்திருப்பவள்கூடக் கோடிக்காரிதான்!

தோலும் தோளில் பையும்

இனிக் கொடுப்பது. மிகச் சின்னதாகத் தொடங்கலாம்.

சமைக்கும்போது காய்த்தோல் விழுகிறது. பட்டாணித் தோல், வாழைப்பழத் தோல், தர்பூசணித் தோல். இதைச் சேர்த்து வைப்பது பிள்ளையின் வேலை. ஒரு துணிப்பை கொடுங்கள். சாயங்காலம் பக்கத்தில் ஆடோ மாடோ வைத்திருக்கும் வீட்டுக்குப் போய், அவர்களிடம் கேட்டுவிட்டு, பிள்ளையே கொடுக்கட்டும். பிளாஸ்டிக் பையோடு போடக் கூடாது. மாடு பையையும் சேர்த்து விழுங்கிவிடும். அது வயிற்றில் தங்கிவிடும். மாடு செத்தும் போகும்.

இன்னொன்று. மீந்த சோற்றை அள்ளி அள்ளிப் போடாதீர்கள். மாட்டுப் பொங்கல் அன்று அன்பாகப் பொங்கலை நிறைய ஊட்டிவிடுகிறோம். அதிகச் சோறு மாட்டின் வயிற்றில் புளித்துவிடும். வயிறு உப்பும். உயிருக்கே ஆபத்து. ஒரு கைப்பிடி போதும். வாங்குபவருக்கு எது நல்லது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு இங்கேயே சொல்லிவிடலாம்.

மாட்டையோ கோழியையோ தொட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

களிமண் கிடைத்தால் பசுவும் கன்றும் செய்யச் சொல்லுங்கள். காலுக்கு ஈர்க்குச்சி. கண்ணுக்கு மிளகு வைக்கலாம். குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் வேண்டவே வேண்டாம். அது விஷம். பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும். இரண்டு பொம்மை செய்தால் ஒன்று தனக்கு, ஒன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. எதைக் கொடுப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். உடைந்த காலுள்ள பசுவைத்தான் கொடுப்பான். பரவாயில்லை. திட்டாதீர்கள். "நீயாக இருந்தால் எதை வாங்கிக்கொள்ள ஆசைப்படுவாய்?" என்று ஒரு தடவை கேளுங்கள். அதற்கு மேல் பேச வேண்டாம். கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தால் அது கொடுத்ததாகாது.

21 புளியங்கொட்டை

இடம் உள்ளவர்கள் ஒரு நாட்டுக்கோழி வளர்க்கலாம். இல்லாதவர்கள் கோடை லீவில் ஊருக்குப் போகும்போது இதைச் செய்யலாம்.

தெருவில் வண்ணம் பூசிய குஞ்சு விற்பார்கள். சிவப்பு, பச்சை, ஊதா. பிள்ளை அழும். வாங்காதீர்கள். தாய் இல்லாத குஞ்சு. சூடு கிடைக்காமல் பெரும்பாலும் நாலைந்து நாளில் செத்துவிடும். பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

நம் ஹைதராபாத் ராஜேந்திரநகரில் மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் வளர்ப்பதற்கென்றே வனராஜா, கிராமப்பிரியா என்ற கோழிகளை அங்கே உருவாக்கினார்கள். வளர்க்க நல்ல கோழிகள். ஆனால் அடையில் உட்கார நாட்டுக்கோழிதான் சரி.

கோழியை அடை வைத்த அன்று பிள்ளையிடம் ஒரு டப்பாவும் 21 புளியங்கொட்டையும் கொடுங்கள். தினம் காலையில் ஒரு கொட்டையை டப்பாவில் போட வேண்டும். ஏழாவது கொட்டை விழுந்த அன்று இருட்டில் முட்டையை டார்ச் விளக்கின் மேல் வைத்துக் காட்டுங்கள். பெரியவர்கள்தான் முட்டையைப் பிடிக்க வேண்டும். உள்ளே சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய் தெரியும். ஒன்றும் தெரியாவிட்டால் அது கூமுட்டை. எல்லாக் கொட்டையும் தீரும்போது குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டு வரும். நாம் ஓட்டை உரித்து உதவி செய்யக் கூடாது. அது தானாக வரட்டும்.

ஆட்டுக்குச் சினை ஐந்து மாதம். பசுவுக்கு ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேல். எருமைக்குப் பத்து மாதம். "நானும் உன்னைப் பத்து மாதம் சுமந்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை எருமையை நினைத்துச் சிரிக்கும்.

குஞ்சு வந்தாயிற்று. இப்போதுதான் அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறோம்.

வாரமும் வாட்டாவும்

நம் ஊர்ப்பக்கம் ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள். உங்களில் பலருக்குத் தெரியும். ஆடு உள்ள பெண் ஒரு பெட்டைக் குட்டியை ஆடு இல்லாத பெண்ணிடம் விடுவாள். அவள் வளர்ப்பாள். அது குட்டி போட்டால் இருவருக்கும் பங்கு. கணக்கு ஊருக்கு ஊர் மாறும். ஒன்றுமில்லாமல் தொடங்கியவள் இரண்டு வருஷத்தில் தன் ஆட்டை இன்னொருத்திக்கு வாரத்துக்கு விடுவாள். வாரத்தில் ஏமாற்றும் உண்டு. பெரிய வீட்டுக்காரர் கொழுத்த குட்டியை எடுத்துக்கொண்டு நோஞ்சானை விட்டுவிடுவார். அதையும் மறைக்க வேண்டாம்.

தெலுங்கில் வாட்டா என்றால் பங்கு. அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் மலைப் பகுதியில் பழங்குடிப் பெண்கள் அசீல் கோழியை இப்படி வாட்டாவுக்குக் கொடுத்து வாங்கினார்கள். பிறகு நோயில் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லும் நோய். கோழி இல்லாமல் வாட்டா ஏது? ஆந்த்ரா என்ற அமைப்பைப் பெண் கால்நடை மருத்துவர்கள் தொடங்கி நடத்தினார்கள். அவர்கள் அந்தப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கிராமத்துப் பெண்களே தடுப்பூசி போடக் கற்றுக்கொண்டார்கள். வாட்டாவுக்கும் மறுபடி உயிர் வந்தது. கோழியை வாங்கிய பெண் அது பெருகியதும் பங்கைத் திருப்பித் தந்தாள். அது அடுத்த பெண்ணுக்குப் போயிற்று.

தூர தேசத்திலும் இதே எண்ணம் ஒருவருக்கு வந்தது. அமெரிக்காவில் டான் வெஸ்ட் என்று ஒரு விவசாயி. 1930களின் கடைசியில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கே பசித்த பிள்ளைகளுக்குப் பால் அளந்து ஊற்றும் வேலை பார்த்தார். பால் தீர்ந்துபோகும். வரிசை தீராது. ஒரு டம்ளர் பாலுக்குப் பதில் ஒரு பசுவையே கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1944இல் அவர் தொடங்கிய அமைப்பு முதன்முதலாகக் கிடாரிகளைக் கப்பலில் போர்ட்டோ ரிக்கோ தீவுக்கு அனுப்பியது. ஒரே நிபந்தனைதான். அந்தப் பசு போடும் முதல் கிடாரிக் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? வாங்கியவர் வாங்கியவராகவே நின்றுவிடவில்லை. 2011இல் தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு நான்கு ஆடு இலவசமாகக் கொடுத்தது. 2017இல் தெலங்கானா அரசு இடையர் குடும்பங்களுக்கு 20 பெட்டையும் ஒரு கடாவும் கொடுத்தது. விலையில் முக்கால் பங்கு அரசு போட்டது. இவை தேவையான உதவிதான். ஆனால் பிள்ளை அங்கே பார்ப்பது வரிசையில் நிற்கும் அம்மாவை. வாட்டாவில் அதே பிள்ளை கூடையோடு இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டும் அம்மாவைப் பார்க்கும்.

எனவே அக்கா, குஞ்சு பொரித்ததும் பிள்ளையிடம் கேளுங்கள்: "முதல் குஞ்சு யாருக்கு?" உடனே பிரித்துவிடக் கூடாது. தாயோடு இருந்து குருணை பொறுக்கித் தின்று வளர்ந்த பிறகு, இரண்டு மாதம் போல ஆனதும், பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். யாருக்கு என்று முன்பே பேசி வையுங்கள். வளர்க்க இடமும் மனசும் உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

கோழி இல்லையா? பரவாயில்லை. சீம்பாலை நினைத்துப் பாருங்கள். இங்கே ஜுன்னு என்கிறார்கள். ஊரில் மாடு கன்று போட்டால் முதலில் கன்று குடிக்கும். அது குடித்தே ஆக வேண்டும். நோய் வராமல் காப்பது அந்தப் பால்தான். மிச்சத்தைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுப்பார்கள். வாங்கிய வீடு கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராது. ஒரு பிடி அரிசியாவது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் தரும். நீங்கள் குழம்பு வாங்கி வந்த கிண்ணத்தில் நாலு கறிவேப்பிலைக் கொத்து போட்டுப் பிள்ளையின் கையில் திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள். பிள்ளை அதைப் பார்க்கும்.

ஆடு எங்கே போயிற்று?

ஒன்று மிச்சம் இருக்கிறது. பிள்ளை பெயர் வைத்துக் கொஞ்சிய ஆடு ஒரு நாள் விற்கப்படும். அல்லது அறுக்கப்படும். "ஆடு எங்கே?" என்று கேட்கும். "காட்டுக்குப் போயிற்று" என்று சொல்லாதீர்கள். பிள்ளை வாசலில் காத்திருக்கும். "விற்றுவிட்டோம். அந்தப் பணத்தில் அக்காவுக்குப் பள்ளிக்கூடத் துணி எடுத்தோம்" என்று சொல்லுங்கள். அறுத்திருந்தால் அதையும் சின்ன வார்த்தையில் சொல்லுங்கள். அழட்டும். பக்கத்தில் உட்காருங்கள். அறுப்பதை நேரில் காட்ட வேண்டாம்.

பக்ரீத் அன்று நம் பக்கத்து வீடுகளில் கறியை மூன்று பங்கு வைப்பது வழக்கம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தக்காரர்களுக்கு, ஒன்று இல்லாதவர்களுக்கு. நம் பிள்ளைகளும் இதைப் பார்க்கிறார்கள். கேட்டால் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். களிமண் நான் கொண்டு வருகிறேன். ஈர்க்குச்சியும் மிளகும் உங்கள் பொறுப்பு. கை துடைக்க ஆளுக்கொரு பழைய துணி எடுத்து வாருங்கள். அடைக்கோழி வைத்திருக்கும் அக்கா முடிந்தால் கோழியைப் பஞ்சாரத்தோடு... வேண்டாம், அடையில் இருப்பதை அசைக்கக் கூடாது. நாமே அவர் வீட்டுக்குப் போவோம்.