கண்ணகி மலையும் இன்றைய கதாநாயகர்களும்



சித்திரைப் பௌர்ணமி நாளில் குமுளியைக் கண்டவர்களுக்கு அந்த ஊரின் நெரிசல் நினைவிருக்கும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்குப் பொதுமக்கள் ஆண்டில் அந்த ஒரு நாள்தான் செல்லலாம். குமுளிப் பக்கமிருந்து செல்வோர் ஜீப் ஏறுகிறார்கள். கம்பம், கூடலூர்ப் பக்கத்தவரில் பலர் பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்தே ஏறிவிடுகிறார்கள். ஒரு பௌர்ணமியன்று நான் ஏறிய ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நாற்பது ஆண்டு காய் எடுத்தவர். பேரன் பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்றார். அந்தப் பேரன் விடுமுறைக்கு வந்தபோது கம்பத்துக்கு அழைத்துச் சென்று ஒரு புதிய படத்தைக் காட்டினானாம்.

“படம் எப்படி அம்மா?” என்று கேட்டேன்.

“மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன் தம்பி. அதுலே யாரு செத்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகலே” என்றார்.

படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. ஆனால் அண்மைக் காலப் பெரும் படங்களைப் பற்றி நான் படித்த விமரிசனங்கள் பலவும் பத்திக் கணக்கில் சொல்ல முயன்றதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது. கதாநாயகன் நல்லவனாக இல்லை என்பது அவருடைய குறை அன்று. யாருமே அவருக்கு ஒரு பொருட்டாகவில்லை என்பதே குறை.

இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக் கொள்கிறோம். “இந்தக் காலத்துப் படங்களில் நல்ல பாத்திரமே இல்லை, எல்லாரும் ரௌடிகள்” என்று பெரியவர்கள் வருந்துவதைக் கேட்கிறோம். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆயினும் நாங்கள் அன்று ஏறிக்கொண்டிருந்த மலையே அதற்கு ஒரு மறுமொழி அன்றோ? சிலப்பதிகாரத்தின் தலைவன் யார்? கட்டிய மனைவியை விட்டு நீங்கி, முன்னோர் தேடிய பொருளையெல்லாம் தொலைத்து, இசையில் தோன்றிய ஓர் ஐயத்துக்காக மாதவியையும் உதறிச் சென்ற கோவலன். இன்றைய ரசிகர் எவரும் அவனை விரும்பத்தக்க பாத்திரம் என்று சொல்லமாட்டார். ஆனால் இளங்கோவடிகள் செய்வதைப் பாருங்கள். கோவலன் கொலையுண்பதற்குச் சற்று முன்னே, அடைக்கலக் காதையில், மாடலன் என்னும் மறையவனை வழியில் கொண்டுவந்து நிறுத்துகிறார். மதயானையின் கையில் அகப்பட்ட முதிய அந்தணனைக் கோவலன் மீட்டதும், கீரிப்பிள்ளையைக் கொன்ற பழிக்கு ஆளான பெண்ணின் குடும்பத்தை அவன் காத்ததும் அப்போதுதான் நமக்குத் தெரியவருகின்றன. அதன்பின் கொலைக்களக் காதையில் அவனே தன் பிழைகளை எண்ணிக் கண்ணகியிடம் உருகுகிறான். வாள் வீழும்போது நாம் பதறுகிறோம். அவன் குற்றங்களில் ஒன்றைக்கூட அடிகள் மறைக்கவில்லை.

இதைத்தான் கதை சொல்லும் வேலை என்கிறேன். இந்த வேலையைச் செய்யாமல் பின்னணி இசையை மட்டும் உரக்க முழக்கினால், திரையில் பிணம் விழும். கொட்டகையில் கண்ணீர் விழாது.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நன்கு பழக்கமான ஓர் உதாரணம் உண்டு. 1987ஆம் ஆண்டு மணிரத்னம் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘நாயகன்’ பம்பாய்த் தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்டது. வேலு நாயக்கர் கடத்தல்காரர், கொலை செய்தவர். சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. ஆனால் அவர் முதன்முதல் நீலாவைச் சந்திக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். விலைமகளிர் விடுதியில் அகப்பட்ட அச்சிறுமி, மறுநாள் கணக்குப் பரீட்சை இருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுங்கள் என்கிறாள். அந்த ஒரு சொல்லில் இருவரும் நம் வீட்டு மனிதர்களாகி விடுகிறார்கள். வளர்த்த தந்தையைக் கொன்ற காவல் அதிகாரியை வேலு கொல்கிறார். அந்த அதிகாரியின் வீட்டுக்குச் சென்று, அறிவு வளர்ச்சி குன்றிய அவர் மகனைக் கண்டு திகைத்து, அந்தக் குடும்பத்தைத் தாமே பராமரிக்கிறார். கடைசியில் அந்த மகனே அவரைச் சுடுகிறான். முதற் பாதியில் விதைத்தது முடிவில் விளைகிறது. நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது அவருக்கே விடை தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை.

அதே இருவரும் முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் 2025 ஜூன் மாதத்தில் ‘தக் லைஃப்’ படத்தை அளித்தார்கள். இம்முறை களம் டில்லி. (மொழி குறித்து எழுந்த பூசலால் கர்நாடகத்துக் கொட்டகைகளில் அது வெளியாகவில்லை, பெங்களூர் நேயர்கள் எல்லை தாண்டித்தான் பார்த்திருக்க வேண்டும்.) நடிப்பிலும் படப்பிடிப்பிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ரங்கராய சக்திவேல் மனைவிக்கும் உண்மையாக இல்லை, காதலிக்கும் உண்மையாக இல்லை. எடுத்து வளர்த்த பிள்ளையிடமும் நம்பிக்கை இல்லை. வளர்ப்பு மகனோ அவரைவிட ஒரு படி கீழே. இருக்கட்டும், கோவலனும் அப்படித்தான் இருந்தான். குறை எங்கே என்றால், இவர்களுக்கு ஒரு மாடலன் வந்து வாய்க்கவில்லை. டில்லியில் இத்தனை ஆண்டு இருந்தும் அங்குள்ள தமிழர் ஒருவர் வீட்டுக்கும் இவர்களால் ஒரு நன்மையோ தீமையோ நேர்ந்ததாகத் தெரியவில்லை. வேலு நாயக்கரின் வாசலில் கூடிய கூட்டம் சக்திவேலின் வாசலில் இல்லை. எவருக்காகவும் வாழாதவன் இறந்தால் எவர் அழுவது?

இனி நம் எல்லைப்புறத்துக்கு வருகிறேன். இந்த மண்ணுக்கும் தமிழ்ப் படத்துக்கும் உறவு பழையது. எம்.ஜி.ஆரின் தாயார் பாலக்காட்டு வடவன்னூரைச் சேர்ந்தவர். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விசுவநாதன் 1928இல் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில். பழம்பெருமை பேசி இன்றைய படங்களை இகழ்வது என் நோக்கம் அன்று. எம்.ஜி.ஆர். படங்களின் குறையே இல்லாத நாயகனும் ஒருவகையில் கதைக்குப் பகைதான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று முதல் காட்சியிலேயே நமக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் வெறுக்கத்தக்க மனிதனை வைத்துக் கதை சொல்வது எப்படி என்று கற்க விரும்பும் தமிழ் டைரக்டர் எவரும் வாளையாறு தாண்டி வெகுதூரம் போக வேண்டாம். அட்டப்பாடிக்குப் போனால் போதும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் சச்சி என்னும் டைரக்டரின் ‘அய்யப்பனும் கோஷியும்’ வெளிவந்தது. கோஷி இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையைச் சேர்ந்த பணக்காரன், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன், குடிகாரன், அகம்பாவி. அய்யப்பன் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் சப் இன்ஸ்பெக்டர். அட்டப்பாடி மதுவிலக்கு உள்ள பழங்குடிப் பகுதி. மதுப்புட்டிகளோடு காரில் வந்த கோஷி அங்கே பிடிபடுகிறான். குடிவெறியில் காவலர்மீது கை வைக்கிறான். அவ்வளவுதான் கதையின் முடிச்சு. ஆனால் அதிலிருந்து ஒன்றன் காரணமாக ஒன்று எப்படி வளர்கிறது! காவலில் இருக்கும் கோஷி குடியில்லாமல் தவிக்கிறான். அய்யப்பன் இரங்கி, கைப்பற்றிய புட்டியிலிருந்தே கொஞ்சம் ஊற்றித் தருகிறார். அந்த இரக்கத்தையே கோஷி இரகசியமாகப் படம் பிடித்து அவருடைய வேலைக்கு உலை வைக்கிறான். உடனிருந்த பெண் காவலர் ஜெஸ்ஸியின் பிழைப்பும் போகிறது.

கோஷியை இந்த இடத்தில் வெறுக்காதவர் இருக்க முடியாது. ஆனால் டைரக்டர் அவனை அங்கேயே விட்டுவிடவில்லை. ஜெஸ்ஸிக்குச் செய்த தீங்கு அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவனைவிடக் கொடிய அவன் தந்தையைக் காட்டுகிறார். இவனுடைய அகம்பாவம் எந்த வீட்டில் விளைந்தது என்று தெரிகிறது. அய்யப்பனும் மாசற்ற மாணிக்கம் அல்லர். ‘முண்டூர் மாடன்’ என்ற பழைய பெயர் வெளிவரும்போது, சட்டை போட்ட சட்டத்துக்குள் இத்தனை நாள் அடங்கிக் கிடந்தது என்ன என்பது புலனாகிறது. அவர் மனைவி கண்ணம்மா, பழங்குடிப் பெண், கோஷியை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் கேள்விகளில் ஒரு சாதியின், ஒரு வர்க்கத்தின் திமிர் முழுவதும் கூசி நிற்கிறது. ஒருவரையும் நாம் முழுமையாக விரும்புவதில்லை. ஒருவரையும் விட்டு விலகவும் முடிவதில்லை.

இப்படத்தில் பாடிய அட்டப்பாடி இருளர் குலத்து நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்ததையும், தமிழுக்கு மிக நெருங்கிய அவருடைய மொழி தமிழ்ச் செவிக்கு எவ்வளவு பழகியதாக ஒலிக்கிறது என்பதையும் இடையே சொல்லிவைக்கிறேன். சிறந்த டைரக்டர் என்ற தேசிய விருது சச்சிக்கும் கிடைத்தது. அதைப் பெற அவர் உயிரோடு இல்லை. படம் வந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே காலமாகிவிட்டார். கதை பிறகு தெலுங்கில் ‘பீம்லா நாயக்’ ஆயிற்று. அங்கே அய்யப்பன் மலைபோல் வளர்ந்தார், கோஷி சுருங்கினான். தராசின் ஒரு தட்டை மட்டும் தூக்கினால் எடை தெரியுமா? இடுக்கியில் பிறந்த இன்னொரு கதைக்கும் இதே கதி. மகேஷ் என்ற புகைப்படக்காரன் அடி வாங்கி, திருப்பி அடிக்கும்வரை செருப்பணிவதில்லை என்று நோன்பு கொள்ளும் 2016ஆம் ஆண்டுக் கதை, 2018இல் தமிழில் ‘நிமிர்’ என்று வந்தது. சம்பவங்கள் அப்படியே வந்தன, ஊர் வரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

2024இல் கேரளத்திலிருந்து வந்து தமிழ்நாட்டுக் கொட்டகைகளை நிரப்பிய ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் இளைஞர்களைப் பற்றி எழுத்தாளர் ஜெயமோகன் மிகக் கடுமையாக எழுதினார். கேரளத்தில் பெரும் எதிர்ப்பு மூண்டது. கொடைக்கானலுக்கு வந்து குடித்துக் கும்மாளமிடும் அவர்களை எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் குழியில் விழுந்த நண்பனை மீட்க அவர்களில் ஒருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, என் பிடிக்காமை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது. படத்தின் வெற்றி அதில் இருக்கிறது.

தமிழில் இது முடியாததா? லெனின் பாரதி 2018இல் தந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இந்த எல்லையின் கதையே. தேனியிலிருந்து இடுக்கி ஏலக்காடுகளுக்கு மலையேறிச் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. வாங்கிய நிலமும் கைவிட்டுப் போய், அதே மண்ணில் எழும் காற்றாலைக்குக் காவற்காரனாக அவன் உட்காரும்போது ஒரு வசனமும் இல்லை, தேவையும் இல்லை. படம் மெதுவாகப் போகிறது என்றார்கள். சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியது. மலையேற்றம் மெதுவாகத்தானே இருக்கும்?

அந்த மலையில் இன்னும் எத்தனை கதைகள் கிடக்கின்றன! 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுவோர், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்து போனசுக்காகப் போராடினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடியது. 70 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பலருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணிகளோடு போனவர்கள். கோடி கோடியாகச் செலவிட்டு வில்லன்களின் கூடாரம் கட்டும் பட முதலாளிகளில் ஒருவராவது அந்த லயத்தின் ஒரு வாசலைக் கட்டியிருக்கலாம்.

நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தாராவியிலோ ஹைதராபாத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ வளரும் குழந்தைக்குத் தமிழில் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் கதை கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் சினிமாவில்தான் கிடைக்கிறது. பாட்டி ஊரில் இருக்கிறாள். பள்ளியில் வேற்று மொழி. மலையாளப் படங்களிலோ நெடுங்காலமாகத் தமிழன் ‘பாண்டி’ என்று கேலிக்கு வந்து போகிறவன். சொந்த மொழிப் படத்திலும் அவன் காண்பது, வெட்டுகிறவனையும் வெட்டுப்படுகிறவனையும் மட்டும் என்றால், தமிழ் என்பது அதட்டுவதற்கு உரிய மொழி என்று அக்குழந்தை நினைத்துக்கொள்வதில் வியப்பென்ன? கொழிஞ்சாம்பாறையில் என் உறவினரின் சிறு மகன் வீட்டில் மலையாளத்தில் கொஞ்சுகிறான். கோபம் வந்தால் மட்டும் தமிழ் பேசுகிறான். அவன் தாய் அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலைக்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது வனத்துறையின் கட்டளை. நாங்கள் குமுளியில் வந்து இறங்கியபோது அம்மையாரின் கைப்பேசி மணி அடித்தது. பெங்களூர்ப் பேரன். அடுத்த வாரம் வருகிறானாம்; இன்னொரு புதுப்படம் வந்திருக்கிறதாம், கூட்டிப்போகிறேன் என்கிறானாம். அம்மையார் கோயில் குங்குமத்தை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டார்:

“போவம்டா. அதுலேயாச்சும் யாருக்காவது வீடு வாசல் உண்டா?”