கொக்கோ மரமும் மாங்காய் புட்டாவும்



எட்டாம் வகுப்பில் ஒரு பிறந்தநாள். மிட்டாய் கொடுத்த பிள்ளையிடம், "சாக்லேட் எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "கடையிலிருந்து சார்" என்றாள். பொள்ளாச்சியில் தென்னைக்கு ஊடுபயிராகவே கொக்கோ விளைகிறது என்றபோது வகுப்பே நம்பவில்லை.

அன்று பாடத்தைச் சற்று தள்ளி வைத்தேன். குவாத்தமாலாவில் ரியோ அசூல் என்ற இடத்தில், மாயா மக்களின் கல்லறை ஒன்றில் 1984இல் மூடியிட்ட மண்குடம் கிடைத்தது. ஏறத்தாழ 1,500 ஆண்டு பழையது. அதன்மேல் எழுதியிருந்த சொல் 'ககவ்'. உள்ளே ஒட்டியிருந்த படிவைச் சோதித்தார்கள், கொக்கோதான். நம் கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருக்கிறார்களே, அதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். இன்னொரு மாயா கற்கிண்ணத்தில் சோளக் கடவுளின் உடலிலிருந்தே கொக்கோக் காய்கள் காய்த்துத் தொங்கும். அஸ்டெக் மக்கள் கொட்டையைக் காசாகவும் கொடுத்து வாங்கினார்கள்.

"நம்ம ஊரில் அப்படி மரம் உண்டா?" என்று கேட்டேன். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை எல்லாரும் சொன்னார்கள். ஒற்றை மாமரம் என்ற பொருளில்தான் ஏகாம்பரம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நான்கு கிளைக்கு நான்கு சுவை என்ற நம்பிக்கையும் தெரிந்திருந்தது. அந்த மாங்காய் வேறு எங்கே இருக்கிறது என்றேன். பதில் இல்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் மெதுவாக, "எங்க அப்பா போடுற புட்டாவில் சார்" என்றான். வருகைப் பதிவுக்கான படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தவன் அவன். கூலிக்கு நெய்பவர்தான், பொய்யில்லை. ஆனால் நெசவு என்ற சொல்லை அவனும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அது என் தவறு.

மறுநாள் கட்டத்தாளில் கொக்கோக் காயை புட்டாவாக வரைந்து வந்தான். அப்பாவிடம் காட்டினாயா என்றேன்.

"காட்டினேன் சார். காம்பு ரொம்ப மெலிசு, ஜரிகையில் எடுக்காது, இன்னும் ரெண்டு கட்டம் சேர்க்கச் சொன்னார்."

சேர்த்து வரைந்த தாள் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கிறது. படிவத்தையும் அவனே திருத்திக் கொடுத்தான்.