குளிசைதானே என்று நினைக்காதீர்கள்

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய்க்கு மருந்து என்றவுடன் வாட்டில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, சேலைன் போல ஏற்றுவதுதான் நமக்கு நினைவுக்கு வரும். அதே வேலையைச் செய்கிற மருந்து குளிசையாகவும் இருக்கிறது. அவற்றில் ஒன்றின் பெயர் கெபெசிட்டபின். மார்பகப் புற்றுநோய்க்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் இதைக் கொடுக்கிறார்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ வேறு பெரிய வைத்தியசாலைக்கோ கிளினிக் போய் வருகிறவர்கள் இந்தக் குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே குடிக்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. பஸ் செலவு குறைகிறது, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்க் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் வாட்டில் மருந்து ஏற்றும்போது பக்கத்தில் ஒரு தாதி நிற்பார். காய்ச்சல் பார்ப்பார், வாந்தி வந்தால் வைத்தியரைக் கூப்பிடுவார். லயத்தில் அந்தத் தாதி இல்லை. அந்த வேலையை நோயாளியும் வீட்டாரும் பக்கத்துக் காம்பராக்காரரும்தான் செய்ய வேண்டும். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்தக் குளிசை வயிற்றுக்குள் போய், ஈரலிலும் பிறகு கட்டி இருக்கும் இடத்திலும் மாற்றமடைந்து, ஊசியாக ஏற்றுகிற ஒரு பழைய புற்றுநோய் மருந்தாகவே ஆகிவிடுகிறது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அது தாக்கும். புற்றுநோய் உயிரணு வேகமாகப் பெருகும். நம் வாயின் உள்தோல், குடல், இரத்தம் ஊறும் எலும்பு மச்சை, இவற்றின் உயிரணுக்களும் அப்படித்தான். அதனால்தான் வாய்ப்புண்ணும் வயிற்றோட்டமும் வருகின்றன, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவும் குறைகிறது.

குடிக்கும் முறையைப் பார்ப்போம். வழக்கமாக 14 நாட்கள் காலையும் மாலையும் குடித்து, 7 நாட்கள் நிறுத்துவார்கள். அந்த 7 நாட்கள் உடம்பு தேறுவதற்கானவை. "விட்டால் நோய் கூடிவிடும்" என்று பயந்து அந்த வாரத்திலும் குடிக்கக் கூடாது. சிலருக்கு வேறு கணக்கு கொடுத்திருப்பார்கள். உங்கள் துண்டில் எழுதியிருப்பதுதான் உங்கள் கணக்கு. சுவரில் ஒரு கலண்டரை மாட்டி, குடிக்கிற நாளுக்கும் விடுகிற நாளுக்கும் வேறு வேறு அடையாளம் போடுங்கள்.

சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் தண்ணீரோடு குடிக்க வேண்டும். இரண்டு வேளைக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணித்தியாலம் இருக்க வேண்டும். நம்மில் பலர் காலையில் வெறும் தேத்தண்ணியோடு பிரட்டுக்களத்துக்கு ஓடுகிறோம், ரொட்டி பத்து மணிக்குத்தான். தேத்தண்ணி சாப்பாடு ஆகாது. ஆறரைக்கு ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுக் குளிசையைக் குடியுங்கள், மாலை ஆறரைக்குச் சோறு சாப்பிட்டு அடுத்ததைக் குடியுங்கள்.

அளவைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரின் உயரம், நிறை, சிறுநீரகத்தின் நிலை பார்த்து அளவு போடுகிறார்கள். குளிசை 500 மில்லிகிராமிலும் 150 மில்லிகிராமிலும் வருகிறது. ஒரு வேளைக்கு 1800 என்றால் 500 இல் மூன்று, 150 இல் இரண்டு, மொத்தம் ஐந்து குளிசை. "ஐந்து" என்பதை மட்டும் நினைவில் வைத்து 500 இல் ஐந்தை எடுத்தால் 2500 ஆகிவிடும். ஒவ்வொரு வேளையும் 700 கூடுதல். அது உயிருக்கே ஆபத்து. ஆகவே குளிசை வாங்கும் ஜன்னலிலேயே கேளுங்கள்: எந்தப் பெட்டியில் எத்தனை, காலையில் எத்தனை, மாலையில் எத்தனை? தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. மருந்துத் துண்டை நம் மொழியில் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் குடிக்காதீர்கள். குடித்து வாந்தி எடுத்தாலும் மறுபடி குடிக்க வேண்டாம். அடுத்த வேளைக்கு வழக்கமான அளவே போதும். பிறகு கிளினிக்கில் சொல்லுங்கள்.

எப்போது குளிசையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். வழமையை விட ஒரு நாளில் நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றால் போனால், அல்லது இரவில் எழும்பிப் போக வேண்டி வந்தால். ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால். சாப்பிட முடியாதபடி வாய் புண்ணானால். உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வீங்கி வலித்தால். நெஞ்சு வலித்தால். காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் ஆனால்.

காய்ச்சலைப் பற்றி இன்னொன்று. "பனிக்காய்ச்சல்" என்று பனடோல் போட்டுப் படுத்துவிடுவது நம் பழக்கம். வெள்ளை அணு குறைந்தவருக்கு அது பொருந்தாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், உள்ளே கிருமி பரவும். இரவானாலும் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கூப்பிட்டவுடன் "புற்றுநோய்க் குளிசை குடிப்பவர்" என்று சொல்லுங்கள். வைத்தியசாலையில் குளிசைப் பெட்டியைக் காட்டுங்கள்.

சிலருக்கு இந்த மருந்தை உடம்பில் சிதைக்கும் சக்தி பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு முதல் சுற்றிலேயே, சில நாட்களிலேயே கடுமையாகிவிடும். "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். வைத்தியர் சொல்லி நிறுத்துவதும் குறைப்பதும் சிகிச்சையின் பகுதிதான். மருந்து தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. விட்ட குளிசையைப் பிறகு சேர்த்துக் குடித்து ஈடுகட்டவும் கூடாது.

வேறு மருந்து குடிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயின் ஆகியவை இதோடு சேர்ந்தால் ஆபத்து. இரத்தசோகைக்குக் கொடுக்கும் போலிக் அமிலக் குளிசை இதன் பக்கவிளைவைக் கூட்டும். தோட்ட டிஸ்பென்சரியில் எதை வாங்கினாலும், நாட்டு வைத்தியரிடம் கஷாயம் வாங்கினாலும், முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

வீட்டில் பாதுகாப்பும் வேண்டும். குளிசையை நொறுக்கவோ உடைக்கவோ கூடாது. குடிப்பவர் தவிர வேறு யாரும் வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது, கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். குடித்த பின் கையை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுப்படியில் வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் அதன் பெட்டியிலேயே வையுங்கள். மிஞ்சியதை அடுப்பிலோ கானிலோ போடாமல் வைத்தியசாலையில் திருப்பிக் கொடுங்கள். கழிவறையில் இரண்டு தடவை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கும். ஆகவே பெண்கள் குடிக்கும் காலத்திலும் முடிந்து ஆறு மாதமும், ஆண்கள் மூன்று மாதமும் கர்ப்பத்தடை முறையைப் பயன்படுத்த வேண்டும். தாய்ப்பாலும் கொடுக்கக் கூடாது.

இனி சங்கம் கவனிக்க வேண்டிய விஷயம். இந்தக் குளிசை கையைத் தாக்குகிறது. கொழுந்து பறிப்பவருக்குக் கைதான் சம்பளம். விரல் உராய உராய, அழுத்தம் கூடக் கூட, தோல் வெடிக்கும். வெந்நீரும் சூடான தைலமும் அதை மோசமாக்கும். வைத்தியர் தரும் கிரீமைக் காலையும் இரவும் பூச வேண்டும், இறுக்கமில்லாத செருப்புப் போட வேண்டும். ஆனால் கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் என்ற நிலையில் எந்தத் தாய் கையைப் பார்த்துக்கொள்வாள்? வலியை மறைத்துப் பறிப்பாள், அல்லது யாருக்கும் சொல்லாமல் குளிசையை விட்டுவிடுவாள். இரண்டும் அவள் உயிருக்குத்தான் கேடு.

ஆகவே நோயாளி கிளினிக்கில் வேலை பற்றிய ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டும். அதைத் தோட்டத் தலைவரோ தலைவியோ கையில் எடுத்துக்கொண்டு துரையிடம் போய், மருந்து குடிக்கும் காலத்துக்கு விரலுக்கு உராய்வில்லாத வேறு வேலை கேட்க வேண்டும். அவளைத் தனியாக அனுப்பக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கையின் தோல் அதிகம் பாதிக்கப்பட்டால் விரல் ரேகை அழிந்துபோகலாம். கைநாட்டு வைத்து ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகிறவர், வங்கிக்குப் போகிறவர், விரல் வைத்துப் பேர் பதிகிறவர், இவர்களுக்கு இது பெரிய தொல்லை. மருந்தால் இப்படி ஆனது என்று வைத்தியரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்களை நிரப்பும்போது சங்கக் காரியாலயம் உதவ வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு லயத்திலும் இந்தக் குளிசை குடிப்பவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், அவருடைய கலண்டரையும் துண்டையும் ஒரு தடவை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். இரவில் காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவது என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.