கடதாசியிற் பிறக்கும் விளையாட்டு

(சங்கத்து இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)

 

"பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறீர்?" என்று வினவும் பெரியவர்களிடம் "வடிவமைப்பு" என்று நான் விடை சொல்வதுண்டு. "படம் கீறுகிற படிப்போ?" என்பார் சிலர். "அதற்கும் ஒரு பட்டம் கொடுக்கிறார்களோ?" என்பார் வேறு சிலர். கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டுக்களும், அதிற் பயன்படும் செயலிகளும் ஆக்கிப் பழகுகிறோம் என்று விளக்கினாலோ, "பிள்ளைகளைக் கெடுக்கும் அந்தச் சாமான்களை நீர்தானா செய்கிறீர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். இம்மூன்று கேள்விகளுள் மூன்றாவதே பாரமானது. முதலிரண்டையும் விரைவிற் கடந்து, அதற்கு விடை கூறுவதே இன்று என் நோக்கம்.

வடிவமைப்பு என்பது அலங்காரமன்று. ஒரு பொருளைக் கையில் எடுப்பவன், யாரும் சொல்லிக் கொடாமலே அதைப் பயன்படுத்தக் கூடியதாக ஆக்கும் வித்தை அது. அகப்பைக்குக் காம்பு எவ்வளவு நீளம் வேண்டும் என்று தீர்மானித்தவன் வடிவமைப்பாளன். கிணற்றடியில் துலாவுக்கு எங்கே பாரம் கட்டுவது என்று கண்டவனும் வடிவமைப்பாளனே. நாங்கள் அதே வேலையைக் கண்ணாடித் திரையின்மேற் செய்கிறோம்.

இவ்வேலையின் உயிர்நாடி மாதிரியுரு என்பது. ஆங்கிலத்தில் இதனைப் புரோட்டோடைப் என்பர். பொருளை முழுமையாகச் செய்வதற்கு முன், குறைந்த செலவில், குறைந்த நேரத்தில், அதன் சாயலாக ஒன்றைச் செய்து பிறர் கையிற் கொடுத்துப் பார்த்தலே மாதிரியுரு. நான் கற்ற மிசன் பாடசாலையில் ஆண்டுதோறும் நாடகம் போடுவார்கள். அரண்மனையும் சிங்காசனமும் கடைசி நாளிலேதான் மேடைக்கு வரும். அதுவரையும் வகுப்பறைக் கதிரையே சிங்காசனம், கரும்பலகைத் தடியே செங்கோல். வசனம் நீளமா, நடிகன் வரவேண்டிய பக்கம் சரியா என்பனவெல்லாம் அந்தக் கதிரையை வைத்தே திருத்தப்பட்டுவிடும். மாதிரியுருவும் அத்தகைய ஒத்திகையே.

இது மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த தந்திரமன்று. நம் பெரியோர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலிக்கு வெட்டும் வலிமை உண்டு. ஆட்டுக்குத் தொகையே வலிமை. இரு பக்கமும் சமமில்லை. ஆயினும் இரு பக்கத்தாரும் வெல்லக் கூடும். இந்தத் தொகைகள் ஒருவர் மனக்கணக்கில் ஒரே நாளில் உதித்திருக்குமா? எத்தனை மாலைப்பொழுதுகளில் திண்ணையிற் கோடு கீறி, கல்லும் புளியங்கொட்டையும் வைத்து, ஆட்டைக் கூட்டியும் குறைத்தும் ஆடிப் பார்த்திருப்பர்! பரமபதத்தையும் நோக்குங்கள். ஏணிகள் நற்குணங்கள், பாம்புகள் தீக்குணங்கள். பழைய பலகைகள் பலவற்றில் ஏணியினும் பாம்பே மிகுதி. நன்னெறியில் ஏறுவது அரிது, வழுக்கி விழுவது எளிது என்ற போதனை ஒரு வார்த்தையும் பேசாமல் ஆடுபவன் நெஞ்சிற் புகுந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விளையாட்டு இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியுமாக உலகெங்கும் பரவியது. இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. விளையாட்டின் விதிகளுக்குள்ளே அதனை ஆக்கியவனுடைய எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆடுபவன் அந்த எண்ணத்தை அறியாமலே பழகிக்கொள்கிறான்.

இக்காலத்து உதாரணங்கள் சில கூறுகிறேன். 1984ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரிலே, சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னோவ் என்பவர் ரெற்றிஸ் என்னும் விளையாட்டை ஆக்கினார். அவர் பயன்படுத்திய இலெக்ரோனிக்கா 60 என்ற யந்திரத்தாற் படம் காட்ட முடியாது. எழுத்துக்களை மாத்திரமே காட்டும். அவர் சோர்ந்துவிடவில்லை. அடைப்புக்குறிகளையே சதுரங்களாகக் கொண்டு கட்டைகளை அமைத்தார். முதலில் ஐந்து சதுரங்கள் கொண்ட கட்டைகளை எண்ணியிருந்தார். அவை பன்னிரண்டு வகை. மனத்திற் கொள்வது கடினம். நான்கு சதுரமாகக் குறைத்ததும் வகை ஏழாயிற்று. உலகம் முழுவதும் ஆடிய அந்த விளையாட்டு, நிறமும் படமும் இல்லாமலே முதலில் உயிர் பெற்றது.

அமெரிக்காவில் ஜெப் ஹோக்கின்ஸ் என்பவர், சட்டைப்பையில் வைக்கத்தக்க சிறு கணினி ஒன்றைச் செய்ய விரும்பினார். யந்திரத்தைச் செய்வதற்கு முன் அந்த அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி, திரையைக் கடதாசியிற் கீறி ஒட்டி, சீவிய உணவுக்குச்சி ஒன்றைப் பேனாவாக வைத்துக்கொண்டார். கூட்டங்களில் யாரேனும் நாள் குறிக்கக் கேட்டால், மரத்துண்டை எடுத்துக் குச்சியாற் குறிப்பதுபோலப் பாவனை செய்வாராம். எத்தனை தரம் எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்பதை அந்த மரத்துண்டே அவருக்கு அறிவித்தது. 1996இல் வெளிவந்த பைலட் என்னும் கருவி அதன் பயன்.

1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கம்பனி ஆராய்ச்சியாளரான ஜோன் கூல்டும் அவர் தோழரும் செய்த பரீட்சை இன்னும் சுவையானது. பேசினால் எழுதிக் கொடுக்கும் தட்டச்சு யந்திரம் மக்களுக்குப் பிரயோசனப்படுமா என்று அறிய விரும்பினர். அத்தகைய யந்திரம் அப்போது செய்ய முடியாதது. ஆகவே, மறைவில் ஒரு தட்டச்சாளரை இருத்தினர். இப்பால் இருந்தவர் பேச, அப்பால் இருந்தவர் தட்ட, எழுத்துக்கள் திரையில் தோன்றின. யந்திரம் பிறக்கும் முன்பே அதன் நன்மை தீமைகள் ஆராயப்பட்டுவிட்டன.

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். கடந்த ஆண்டில் நாங்கள் நால்வர் சேர்ந்து, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் தமிழ் எழுத்துப் பழகுவதற்கான விளையாட்டொன்றை ஆக்க முற்பட்டோம். கணினியை மூடி வைத்துவிட்டு, கடதாசி, மட்டை, கத்தரிக்கோல், பசை ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். தொலைபேசித் திரையின் அளவுக்கு மட்டையில் ஒரு சட்டம் வெட்டி, அதனுள் எழுத்துத் துண்டுகளை வைத்தோம். எங்களுள் ஒருவர் கணினியாக நடிக்க வேண்டும். பிள்ளை கடதாசியில் விரல் வைத்தால், அதற்கேற்ற அடுத்த தாளை அவர் மாற்றி வைப்பார். இன்னொருவர் பிள்ளையோடு பேசுவார். மூன்றாமவர் குறிப்பெடுப்பார். நான்காமவர் பிள்ளையின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பிள்ளை திகைத்தாலும் வழி சொல்லிக் கொடுத்தல் ஆகாது. நாங்கள் வாய் திறந்தால், குறை எங்கே என்பது மறைந்துபோகும். வாளாவிருந்து பார்ப்பதே இப்படிப்பிற் கடினமான பாடம் என்பேன்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய அறிவு "கொ" என்னும் எழுத்தால் வந்தது. தமிழ் எழுத்துக்கள் 247 என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் உயிர்மெய் 216. கணினி தன் உள்ளே "கொ" என்பதை, முதலில் ககரம், பின்பு உயிர்க்குறி என்ற ஒழுங்கில் வைத்திருக்கிறது. ஒலிக்கும் முறைக்கு அது சரியே. ஆனால் கொப்பியில் எழுதும் பிள்ளையோ முதலிற் கொம்பு, அடுத்துக் ககரம், ஈற்றில் அரவு என்று எழுதுகிறது. எங்கள் மட்டைத் துண்டுகளைக் கையில் எடுத்த சிறுமியொருத்தி கொம்பை முதலில் வைத்துவிட்டு, "கணினி" நண்பரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, கொம்புதானே முதல் வாறது?" என்றாள். அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் நாங்கள் விடை காணவில்லை. கண்ணுக்கு ஓர் ஒழுங்கு, காதுக்கு ஓர் ஒழுங்கு. இரண்டிலும் பிள்ளையைப் பிழை சொல்ல முடியாது. ஆதலால், எந்த ஒழுங்கில் வைத்தாலும் எழுத்து நிறைவடைந்ததும் அதன் ஒலி கேட்கத்தக்கதாக விதியை அமைத்தோம். ஆங்கில எழுத்துக்காக அமைந்த விளையாட்டைப் பார்த்துப் பின்பற்றியிருந்தால் இவ்விஷயம் தோன்றியே இராது. நம் மொழிக்கு வேண்டியதை நம் பிள்ளைகளின் விரலைப் பார்த்தே அறிய வேண்டும்.

இன்னொரு முறை, முதியவர்களுக்கு மருந்து வேளையை நினைவூட்டும் செயலி ஒன்றுக்கு மாதிரியுரு செய்தோம். கடதாசி நிலையைக் கடந்து, பிக்மா என்னும் மென்பொருளில் திரைகளை அமைத்து, தொலைபேசியிலேயே காட்டினோம். முதற் திரையில், எங்கும் வழங்குவதுபோல, "உள்நுழைக" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த ஓர் ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எங்கை தம்பி நுழையிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆச்சியும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. தன் வீட்டில் தன் கையில் இருக்கும் பொருளுக்குள் அவர் ஏன் நுழைய வேண்டும்? அந்தத் திரையையே நீக்கிவிட்டு, "காலை மருந்து", "இரவு மருந்து" என்று இரண்டு பெரிய பொத்தான்கள் வைத்தோம். வயல் வேலை செய்து காய்த்த விரலுக்கும் அகப்படக் கூடிய அளவில் அவற்றைப் பெருப்பித்தோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நாலைந்து பேரைப் பொறுமையோடு பார்த்தாலே பெருங்குறைகள் பல வெளிப்பட்டுவிடுகின்றன.

இப்போது பாரமான கேள்விக்கு வருகிறேன்.

எழுத்து விளையாட்டின் இரண்டாம் மாதிரியுருவில், நாள் தவறாமல் ஆடினால் நட்சத்திரம், ஒரு நாள் தவறினால் நட்சத்திரமெல்லாம் பறிபோகும் என்று ஒரு விதியைச் சேர்த்துப் பார்த்தோம். இன்று வழங்கும் செயலிகள் பலவற்றில் உள்ள ஏற்பாடு இது. பிள்ளைகள் முன்னையினும் நெடுநேரம் ஆடினார்கள். நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறொன்றைக் கண்டார். பிள்ளைகளின் கண் எழுத்தைவிட்டு நட்சத்திரத்துக்குப் போய்விட்டது. எந்தத் துண்டை வைத்தால் விரைவில் நட்சத்திரம் விழும் என்று மாத்திரமே தேடினார்கள். ஒரு பையன் நட்சத்திரம் போய்விடும் என்று அஞ்சி எழும்ப மறுத்தான். அன்று இரவு நாங்கள் நால்வரும் நெடுநேரம் வாதாடினோம். "ஆடாத விளையாட்டால் யாருக்குப் பயன்?" என்றது ஒரு பக்கம். "அச்சத்தால் ஆடுவது விளையாட்டா?" என்றது மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருந்தது.

இவ்விடத்தில் இருவரை நினைவுகூர்வேன். வியட்நாம் நாட்டு ஹனோய் நகரத்து இளைஞர் டொங் நுயென் 2013இல் பிளாப்பி பேர்ட் என்ற சிறு விளையாட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவி, அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. மக்கள் அதற்கு அடிமையாகின்றனர் என்று கூறி, 2014 பெப்ரவரியில் அவரே அதனை மீட்டுக்கொண்டார். மற்றவர் அமெரிக்கரான ஏசா ராஸ்கின். பக்கத்துக்கு முடிவே இல்லாமல் திரை மேன்மேலும் உருண்டோடும் முறையை 2006இல் வடிவமைத்தவர். மக்களை அது நேரம் மறந்து கட்டிப்போடுவதைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். இருவரும் தீயவரல்லர். ஆனால் பொருள் உலகெங்கும் பரவிய பின்பே அதன் விளைவு அவர்களுக்குப் புலப்பட்டது. அப்போது நுயெனுக்கு விளையாட்டையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. ராஸ்கினுக்கோ எடுத்துவிடவும் வழியில்லை.

கடதாசியின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. கடதாசியில் இருக்கும் விதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியலாம். நாங்கள் நட்சத்திர விதியை வெட்டினோம். பத்து எழுத்துக்கள் முடிந்ததும், "இன்றைக்குப் போதும், போய் விளையாடு" என்று சொல்லி விளையாட்டுத் தானே மூடிக்கொள்ளும்படி செய்தோம். மதிப்பிட வந்த தொழிற்றுறை அறிஞர் ஒருவர், "இது சந்தையில் நிற்காது" என்றார். அவர் சொன்னது பொய்யென்று என்னால் நிரூபிக்க இயலாது. பிள்ளையின் நேரத்தை விற்றுப் பணமாக்கும் சந்தையில் அது நிற்காமற் போகலாம். ஆனால் பிள்ளை எத்தனை நிமிடம் ஆடியது என்பதை அளப்பதா, எத்தனை எழுத்து அறிந்தது என்பதை அளப்பதா என்பதை ஆக்குபவனே தீர்மானிக்கிறான். அத்தீர்மானம் மாதிரியுருவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பிள்ளைகளைக் கெடுக்கும் சாமானை நீர்தானா செய்கிறீர் என்று கேட்ட பெரியவர்களுக்கு என் விடை இதுவே. கெடுப்பதும் இந்த வித்தையால் ஆகும், வளர்ப்பதும் இதே வித்தையால் ஆகும். அறிவும் இரக்கமும் உள்ள நம் இளைஞர் இதைக் கற்காது விலகி நின்றால், வேறெவரோ தம் இலாபம் கருதி ஆக்கியதையே நம் தம்பி தங்கையர் ஆடுவர்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. செயலி ஆக்க விலையுயர்ந்த கணினி வேண்டுமென்று காத்திராதீர்கள். நாளை மாலையே நாலு தாளும் ஒரு கத்தரிக்கோலும் எடுத்து, உங்கள் எண்ணத்தைக் கீறி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். வாய் மூடி இருந்து பாருங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாங்கள் ஒரு மாதிரியுருவைக் கொண்டுவந்து நீட்டும்போது, "எனக்கு உதெல்லாம் விளங்காது, தம்பி" என்று விலக்கிவிடாதீர்கள். உங்களுக்கு விளங்காத இடமே நாங்கள் தேடி வந்த இடம். எழுபது வயது அநுபவமுள்ள ஒருவருக்கு ஒரு பொத்தான் விளங்கவில்லையானால், குறை பொத்தானிலே. அதை எங்களுக்குச் சொல்லித் தருவது நீங்கள் எங்களுக்குச் செய்யும் உபகாரம். "எங்கை நுழையிறது?" என்று கேட்ட ஆச்சி எங்களுக்கு ஓர் ஆசிரியர்.