ஈரத்தின் மேல் ஒட்டு நிற்காது

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரக் குழு ஒன்றின் உறுப்பினர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. அலுமினிய அன்னக்கூடையைத் தலையில வச்சுக்கிட்டு "மீனு, மீனு"ன்னு கூவித்தான் பழக்கம். ஆனா எங்க கூட்டமைப்புத் தலைவி, "உங்க படகுக் கதையைச் சொல்லுங்க, கடன் கொடுக்கிற எல்லாக் குழுவுக்கும் உபயோகமா இருக்கும்"னு சொன்னாங்க. அதனால வந்திருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்களுக்கு ஒரு பைபர் படகு இருக்கு. 2004 டிசம்பர் 26-ல வந்த சுனாமியில எங்க கட்டுமரம், வலை எல்லாம் போச்சு. 2005-ல ஒரு தொண்டு நிறுவனம் மூலமா இந்தப் படகு கிடைச்சுது. அந்தப் படகை வச்சுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சோம், மகளைக் கட்டிக் கொடுத்தோம். அது எங்களுக்கு வெறும் படகு இல்லை, வீட்டுல ஒரு ஆள்.

2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னால கஜா புயல் வந்துது. படகைக் கரையில மேலே ஏத்திக் கட்டித்தான் வச்சிருந்தோம். காத்து அதைத் தூக்கி ஒரு தென்னை மேல அடிச்சிடுச்சு. காலையில போய்ப் பார்த்தா வலது பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிஞ்சு கிடக்கு. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசலை. வந்த நிவாரணப் பணம் வீட்டுக் கூரைக்கே சரியாப் போச்சு.

முதல்ல செஞ்ச தப்பு

இரண்டு மாசம் வருமானம் இல்லை. 2019 ஜனவரியில, தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டு, "நாளைக்கே கடலுக்குப் போகணும், ஒட்டிக் கொடுங்க"ன்னோம். அவர் "நல்லாக் காயணும்"னு சொன்னாரு. அவசரப்படுத்தினது நாங்கதான். மேலாகத் தேய்ச்சு, இரண்டு மேட் வச்சு, ரெசின் பூசி, பெயிண்ட் அடிச்சாச்சு. 6,500 ரூபாய் செலவு. அதுவும் என் தோடு அடகு வச்ச பணம். பார்க்கப் புதுப் படகு மாதிரி இருந்துது.

பிப்ரவரியில ஒரு நாள், வீட்டுக்காரரும் பெரியவனும் கடல்ல இருக்கும்போது அந்த ஒட்டு அப்படியே தோல் உரியிற மாதிரி உரிஞ்சிடுச்சு. தண்ணி உள்ள வருது. ஒருத்தர் எஞ்சினைப் பிடிக்க, ஒருத்தன் என்னோட பழைய அன்னக்கூடையால தண்ணியை அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கான். பக்கத்துல வந்த இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துக்கிட்டு வந்துது. அவங்க வராம இருந்திருந்தா நான் இன்னைக்கு இங்க நின்னு பேச மாட்டேன். அந்தக் கூடையை இன்னும் வச்சிருக்கேன். விக்கலை.

குழுவில் நடந்த சண்டை

வீட்டுக்காரர், "வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிச் சரி பண்ணலாம்"னாரு. கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இது தெரியும். முன்பணத்துக்கு வட்டின்னு பேர் கிடையாது. ஆனா பிடிக்கிற மீனை எல்லாம் அவருக்கே கொடுக்கணும். நூறு ரூபாய் மீனுக்கு எட்டு ரூபாய் கழிச்சுக்கிட்டுத்தான் கொடுப்பாரு. முன்பணம் அப்படியே நிக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் அசல் குறையாது.

நான் குழுவில கேட்டேன். எங்க குழுவில 14 பேர். அன்னைக்கு நடந்த சண்டையை மறைக்காமச் சொல்றேன். ஒரு அக்கா எழுந்து, "படகு ஆம்பளைங்க சொத்து. நம்ம பத்துப் பத்து ரூபாயாச் சேர்த்ததைக் கடல்ல கொண்டுபோய்ப் போடணுமா? ஏற்கெனவே ஒரு தடவை ஒட்டி உரிஞ்சு போச்சே?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, அவங்க கேட்டது நியாயமான கேள்வி. கேள்வி கேக்காமக் கடன் கொடுக்கிற குழு ரொம்ப நாள் நிக்காது.

அடுத்த வாரம் மறுபடி கூடினோம். 40,000 ரூபாய் கொடுக்கலாம்னு முடிவாச்சு. ஆனா தீர்மானப் புத்தகத்துல மூணு நிபந்தனை எழுதினாங்க.

ஒன்று, பணம் கையில தர மாட்டோம். குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போய்ப் பொருள் வாங்கணும், பில் குழுவுக்கு வரணும்.

இரண்டு, கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் படகுப் பங்கு எவ்வளவுன்னு நோட்டுல எழுதணும். தவணைப் பணத்தை அந்தப் பங்கிலிருந்து முதல்ல எடுத்து வச்சிடணும்.

மூன்று, மீனைக் கரையில ஏலம் விடணும். யாருக்கும் கட்டுப்பட்டு விக்கக் கூடாது.

இதைக் கேட்டு எங்க வீட்டுக்காரர் இரண்டு நாள் என்கிட்ட பேசலை. "என் படகுக் கணக்கைப் பதினாலு பொம்பளைங்க பார்க்கணுமா?"ன்னாரு. மூணாவது நாள் பெரியவன்தான், "அப்பா, தண்ணி அள்ளினது நான். எனக்கு நல்ல படகு வேணும்"னு சொன்னான். அவர் வந்து கையெழுத்துப் போட்டாரு.

படகைத் தட்டிப் பார்த்தோம்

வேற ஊர்ல பைபர் வேலை தெரிஞ்ச ஒரு மேஸ்திரியைக் கூட்டி வந்தோம். அவர் வந்ததும் கையில எடுத்தது ஒரு சின்னச் சுத்தியல். அணியத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் சாண் சாணாத் தட்டிக்கிட்டே வந்தாரு. நல்ல இடத்துல "டங்"குன்னு சத்தம் கேக்குது. உள்ளே பிரிஞ்சு போன இடத்துல "பொத்"துன்னு கேக்குது. அங்கெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டாரு. எஞ்சின் மாட்டுற பின்பலகையில ஒரு சின்ன ஓட்டை போட்டாரு. உள்ளே இருந்து கறுப்பா, ஈரமா, மக்கின மரத்தூள் வந்துது. வெளியில பைபர் பளபளன்னு இருக்கு. உள்ளே இருந்த பிளைவுட் அழுகிப் போச்சு. போல்ட் ஓட்டை வழியா வருஷக்கணக்கா தண்ணி இறங்கியிருக்கு. நாங்க கிழிசலை மட்டும்தான் பார்த்தோம். எஞ்சின் கழண்டு விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

வேலை ஏப்ரல், மே மாசத்துல நடந்துது. நல்ல வெயில் காலம் வேணும்னுதான் அதைத் தேர்ந்தெடுத்தோம். எப்படிச் செஞ்சோம்னு சுருக்கமாச் சொல்றேன். படகு வச்சிருக்கிற வீட்டுப் பெண்கள் கவனிச்சுக்கங்க.

முதல்ல பழைய ஒட்டை முழுசாப் பிரிச்சு எடுத்தோம். நல்ல தண்ணியால மூணு நாலு தடவை கழுவி உப்பைப் போக்கினோம். படகைக் கவுத்துப் போட்டு, மேல கீத்துக் கொட்டகை போட்டு, மூணு வாரம் காய விட்டோம். அந்த மூணு வாரம்தான் எனக்குக் கஷ்டம். ஆனா மேஸ்திரி சொன்னாரு, "அம்மா, ஈரத்து மேல எத்தனை மேட் ஒட்டினாலும் அது ஒட்டு இல்லை, போர்வை"ன்னு.

அப்புறம் கிழிஞ்ச இடத்தைச் சுத்திச் சரிவாத் தேய்ச்சாங்க. படகு ஓடு எவ்வளவு கனமோ அதைப் போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு வேணுமாம். எங்க ஓடு 6 மில்லிமீட்டர், அதனால சுத்தி 7 சென்டிமீட்டர். அப்பதான் புது மேட்டுக்குப் பிடிப்பு கிடைக்கும். முதல் தடவை நாங்க இதைச் செய்யவே இல்லை. பிறகு ஒரு மேட், ஒரு ரோவிங், மறுபடி மேட்டுன்னு மாத்தி மாத்தி வச்சு, ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால உருட்டிக் காத்துக் குமிழியை வெளியேத்தணும். குமிழி நின்ன இடத்துலதான் நாளைக்குத் தண்ணி நிக்கும்.

ரெசின் கலக்கிறதுதான் முக்கியம். முதல்ல ஆக்சிலரேட்டரை ரெசின்ல ஊத்தி நல்லாக் கலக்கணும். அதுக்கு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இந்த இரண்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல கூட வைக்காதீங்க. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணுல பட்டாப் பார்வையே போயிடும். கண்ணாடி, கையுறை இல்லாம யாரையும் தொட விடாதீங்க. பிள்ளைகளைக் கிட்டச் சேர்க்காதீங்க. பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வரக் கூடாது. தேய்க்கும்போது பறக்கிற கண்ணாடித் தூள் நெஞ்சுக்குக் கெடுதல், மாஸ்க் கட்டிக்கணும். மதிய வெயில்ல ரெசின் சீக்கிரம் இறுகிடும். அதனால காலையிலதான் வேலை, அதுவும் ஒரு கிலோ ஒரு கிலோவாக் கலந்தோம்.

பின்பலகையில அழுகின பிளைவுட்டை முழுசா எடுத்துட்டு, மரைன் பிளைவுட் வச்சோம். போல்ட் ஓட்டைக்குள்ளேயும் ரெசின் பூசினோம். படகு மிதக்க உள்ளே வைக்கிற தெர்மோகோலைப் பாலிதீன் ஷீட்டில சுத்தித்தான் வச்சோம். ரெசின் நேராப் பட்டாத் தெர்மோகோல் கரைஞ்சு போயிடும். கடைசியா ஜெல்கோட் அடிச்சு, ஒரு வாரம் இறுக விட்டோம். கடல்ல இறக்கறதுக்கு முன்னால, படகை நிமித்தி உள்ளே தண்ணி ஊத்தி, வெளியே எங்கேயாவது கசியுதான்னு ராத்திரி முழுக்கப் பார்த்தோம். கசியலை.

கணக்கு

குழுவில கணக்குச் சொல்லாம உட்கார விட மாட்டாங்க. அதனால இங்கேயும் சொல்லிடறேன். ரெசின் 10,200. மேட், ரோவிங் 5,200. பிளைவுட் 6,000. ஜெல்கோட் 2,000. ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் 1,000. பிரஷ், ரோலர், தேய்க்கிற டிஸ்க், மாஸ்க், கண்ணாடி 1,600. மேஸ்திரி கூலி 12,000. மொத்தம் 38,000. எஞ்சின் சர்வீஸ் 7,000. ஆக 45,000. குழுக் கடன் 40,000, கைப்பணம் 5,000. முதல்ல வீணாப் போன 6,500 இதுல சேரலை. அது அவசரத்துக்குக் கொடுத்த அபராதம்.

மாசம் 2,000 அசல், மிச்சத்துக்கு நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. 2019 ஜூலையில முதல் தவணை. ஒன்பது தவணை ஒழுங்காக் கட்டினோம். 2020 மார்ச் கடைசியில கொரோனா பொது முடக்கம் வந்துது. மீன் வாங்க ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசம் கட்ட முடியலை. நான் ஒளியலை. நோட்டை எடுத்துக்கிட்டு ஊக்குநர் வீட்டுக்குப் போனேன். படகுப் பங்குல சுழியம், சுழியம்னு எழுதியிருந்ததைக் காட்டினேன். அந்த நோட்டு இருந்ததாலதான் குழு நம்பித் தவணை தள்ளி வச்சுது. அன்னைக்கு எனக்காக முதல்ல பேசினது யார் தெரியுமா? "கடல்ல போடணுமா"ன்னு கேட்ட அதே அக்காதான்.

2021 மே மாசம் கடன் முடிஞ்சுது. மொத்த வட்டி, அந்த மூணு மாசம் சேர்த்து, 4,860 ரூபாய். வியாபாரிகிட்ட போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? மாசம் சராசரி 40,000 ரூபாய்க்கு மீன் வித்தா, நூத்துக்கு எட்டு வீதம் 3,200. இருபது மாசத்துக்கு 64,000. அதுக்கு மேல அசல் 40,000 அப்படியே நிக்கும். இதை நோட்டுல எழுதி வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. ஆனா கடன் முடிஞ்ச பிறகும் தினமும் கரைக்கு வந்ததும் அந்த நோட்டை அவரே கேட்டு வாங்கி எழுதறாரு.

முடிவாகச் சில வார்த்தை

பழைய படகு எல்லாத்தையும் சரி பண்ணுங்கன்னு நான் சொல்லலை. தட்டிப் பார்க்கும்போது பாதிப் படகு "பொத்"துன்னு கேட்டா, மிதிச்சா அடிப்பகுதி அமுங்கினா, அதுல பணம் போடாதீங்க. உயிர் போற விஷயம். சரி பண்ணினாலும் அதோட முடிஞ்சு போகாது. இப்ப நாங்க கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் 50 ரூபாய் படகுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறோம். வருஷா வருஷம் கோடையில ஒரு தடவை தட்டிப் பார்க்கிறோம். லைப் ஜாக்கெட் இல்லாம இரண்டு பேரையும் நான் கரையைத் தாண்ட விடறதில்லை.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். தேய்க்கிற மெஷின் ஒண்ணு, கண்ணாடி, மாஸ்க், ரோலர் எல்லாம் பொதுவுல வாங்கி வச்சா, கடலோரக் குழுக்கள் வாடகைக்கு எடுத்துக்கலாம். வேலைக்கும் ஒரு பயிற்சி கொடுத்தா நம்ம பிள்ளைகளே மேஸ்திரி ஆகிடுவாங்க.

குழுத் தலைவிகளுக்கு ஒண்ணு. படகோ, பசுமாடோ, தையல் மெஷினோ, கடன் கொடுக்கிறதுக்கு முன்னால நேர்ல போய்ப் பாருங்க, கேள்வி கேளுங்க. கேட்டதுக்காகக் கோவப்படற உறுப்பினர், என்னை மாதிரி, பின்னால நன்றி சொல்லுவா.